சாக முடியாத காமன்

தையல் மிஷினை யாராவது மிதிக்கிற சத்தம் கேட்டால் போதும், எனக்குக் கால் தரையில் நிற்காது. மற்றவர்களுக்கு அது வெறும் கடகட. எனக்கு அது பந்தலூர் பஜார், கதவிடுக்கில் நுழைகிற மூடுபனி, ஈரமேறிய படக்கதைப் புத்தகத்தின் வாசம், அப்புறம் பழனிச்சாமியின் தோள். (தோளைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். மனதில் அதுதான் முதலில் வந்தது.)

கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, இந்த மலையில் இறக்கிவிடப்பட்ட குடும்பம் எங்களுடையது. அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. அங்கேயும் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு, இங்கேயும் லயத்து வீடு. “இதுக்கு எதுக்கு ஒரு கப்பலு?” என்று அம்மா கேட்டதற்கு இரண்டு அரசாங்கங்களும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

பழனியைக் கூடலூர்க் கொட்டகையில்தான் பார்த்தேன். ஒரு முகமூடிக்காரன் ரப்பர் முதலையோடு கட்டிப் புரளும் படம். முதலையின் வயிற்றில் காற்றடிக்கும் மூடி பளிச்சென்று தெரியும். கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. நான் மட்டும் சட்டை நுனியில் மூக்கைத் துடைத்தேன். திரும்பிப் பார்த்தால் அதே பெஞ்சில் இன்னொருவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“அந்த மொதலைக்கும் யாருமில்லைங்க, அவனுக்கும் யாருமில்லைங்க,” என்றான். அவ்வளவுதான், நான் காலி.

அவன் திருப்பூர்ப் பக்கத்துக்காரன். பஜாரில் தையற்கடை. வெட்டுமேசைக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் படக்கதைகள். அதில் எங்கள் தெய்வம் சூறாவளி மாறன்: உடம்போடு ஒட்டிய சிவப்பு உடுப்பு, அதன் மேல் மஞ்சள் ஜட்டி, முதுகில் பறக்கும் போர்வை. பகலில் அவன் தபால்காரன், ஒரு பெயர். முகமூடிக்குள் இன்னொரு பெயர். உண்மையான பெயர் எதுவென்று தாய்க்கும் தெரியாது. அந்த இடம் வரும்போதெல்லாம் இருவரும் பக்கத்தைத் திருப்பாமலே வைத்திருப்போம். ஆண் ஆணை விரும்புவதற்கு அப்போது எங்கள் லயத்தில் பெயர் கிடையாது. (திட்டுவதற்கு மட்டும் நிறைய இருந்தது.) ஆகவே மாறனின் தொடையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு, கதையம்சத்தைப் பற்றிப் பேசியதாக நம்பிக்கொண்டோம்.

“இத்தனை பறந்தும் தையல் பிரியலியே. என்ன துணியா இருக்குமுங்க?” என்பான் பழனி. தொழில் பக்தி.

அந்த மாசியில் இரண்டு சம்பவங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, பழனியின் அண்ணன் அவனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் போகிறான். இரண்டு, அதே ஞாயிறு எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. இந்த மண்ணில் முதல் கூத்து. அப்பாதான் கூத்து வாத்தியார். வழக்கமாக விடிய விடிய ஆடுவது; இங்கே ராத்திரியில் யானை வருமென்பதால் பகலில் ஆட அனுமதி வாங்கியிருந்தார். எனக்கு மன்மதன் வேஷம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மன்மதன் அம்பு விடுவான், சிவன் கண்ணைத் திறப்பார், மன்மதன் எரிந்து விழுவான், வெள்ளைத் துணி போர்த்துவார்கள், ரதி அழுவாள், அவளோடு லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் அழுவார்கள். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு: காமன் விழுகிறவரை தப்பு மேளச் சத்தம் நிற்கக்கூடாது. நடுவில் நின்றால் தோட்டத்துக்கே ஆகாது.

பழனி பஸ் ஏறுவதற்குள் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்லத் துணிவில்லை. பறந்து காட்டினால் புரிந்துகொள்வான் என்று முடிவு செய்தேன். (பத்தொன்பது வயதில் மூளை என்பது தலைக்குள் கிடக்கும் ஒரு வதந்தி.)

“மன்மதன் யாருங்க?” என்று பழனியும் ஏற்றிவிட்டான். “வில்லு இருக்குது, கிளி வாகனம் இருக்குது, கண்ணுக்குத் தெரியாம அடிக்கிறான். நம்ம மாறனேதானுங்க!”

உடுப்பை அவனே தைத்தான். சிவப்புப் பனியன் துணி, மஞ்சள் ஜட்டி. போர்வைக்கு, கொழுந்தெடுக்கும்போது அம்மா இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி. அளவெடுத்த அந்த மத்தியானத்தை நான் எழுதப்போவதில்லை. இடுப்பளவை மட்டும் மூன்று தடவை எடுத்தான். மூன்று தடவையும் வேறு வேறு அளவு வந்தது.

திட்டம் இதுதான். சில்வர் ஓக் மரத்துக் கிளையில் தேங்காய் நார்க் கயிறு. அதன் நுனி என் முதுகுப் பட்டையில். சிவன் கண் திறந்ததும் நான் பாறையிலிருந்து குதித்து, சிவன் தலைக்கு மேலாகப் பறந்து, ரதியின் காலடியில் இறங்கிச் சாவேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஆச்சரியம் கொடுக்கலாமென்று. கொடுத்தேன்.

ஞாயிறு மத்தியானம், கூட்டம் நெரிந்தது. ரதியாக மாரியப்பன், கொழுந்து நிறுக்கிறவர். அழுகையில் அவரை மிஞ்ச ஆளில்லை. சிவனாக ஃபேக்டரிச் சின்னையா மாமா. தப்பு உச்சத்துக்குப் போனது. ஜிகினா உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சிவப்பும் மஞ்சளுமாகப் பாறை மேல் நின்றேன். சின்னையா மாமா பயந்துபோய், கையிலிருந்த குங்கிலியப் பொடி முழுவதையும் ஒரே வீச்சாகப் பந்தத்தில் எறிந்தார். பகபகவென்று தீ. குதித்தேன்.

பறந்தேன். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஒரு கணம் தேயிலை முழுவதும் எனக்குக் கீழே பச்சை அலையாகச் சாய்ந்தது, காற்றுக்கு என் பெயர் தெரிந்திருந்தது.

அப்புறம் நின்றேன். அந்தரத்தில்.

காலையிலிருந்து பனி பெய்திருந்தது. நார்க் கயிறு நனைந்தால் சுருங்கும். மாட்டைக் கட்டுகிற எவனுக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, ஒரு தையற்காரனுக்கும் என்னைப் போல ஒரு கவிஞனுக்கும் தெரிந்திருக்கவில்லை. ரதியின் தலைக்கு மேலே, குப்புறப் படுத்த வாக்கில், இரண்டு கையையும் நீட்டியபடி, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். படக்கதை அட்டையில் மாறன் இருப்பானே, அதே கோலம்.

தப்பு நிற்கவில்லை. நிற்க முடியாது, காமன் இன்னும் விழவில்லையே.

“டேய் செல்வம், எறங்குடா!” அப்பா கீழிருந்து கத்தினார்.

“முடியலப்பா!”

“அப்ப அங்கேயே செத்துத் தொலைடா!”

தலையைத் தொங்கப்போட்டு, நாக்கை நீட்டி, என்னால் முடிந்த அளவு செத்தேன். பிணம் சுற்றிக்கொண்டே இருந்ததால் யாரும் நம்பவில்லை.

“விழுந்தாத்தான் கணக்கு, வாத்தியாரே,” என்றார் தப்படிக்கிறவர், மூச்சு வாங்க.

“மாமா, இன்னொருக்கா எரிங்க!” என்றார் மாரியப்பன்.

“குங்கிலியம் தீந்துபோச்சுடா.”

“அழுதழுது எனக்குத் தொண்டை கட்டிருச்சு. இவன் சாவானா மாட்டானா? சொல்லிருங்க, நான் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்!”

அப்போதுதான் மரம் குலுங்கியது. பழனி, பல்லில் கத்தரிக்கோலைக் கவ்விக்கொண்டு, கிளையில் தவழ்ந்து வந்தான். கழுத்தைத் திருப்பினால், நேர் மேலே அவன் முகம்.

“துணின்னா நனைச்சுத்தானுங்க வெட்டுவேன்,” என்று கத்தரியைக் கையிலெடுத்துக் கத்தினான். “கயித்த நனைக்கோணும்னு தோணலியே!”

கயிற்றில் கத்தரியை வைத்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் விழுவேன், அவன் பஸ் ஏறுவான். இனி எப்போது?

“பழனி, எனக்கு உங்களப் புடிச்சிருக்கு!”

“ஏனுங்க? கேக்கலீங்க!”

“உங்களப் புடிச்சிருக்குங்கறேன்!”

“தப்புச் சத்தமுங்க! இன்னுங் கொஞ்சம் சத்தமா!”

“படத்துல வர்ற மாதிரி! முதலைய விட அதிகமா!” (கவிஞன் என்று சொன்னேன் அல்லவா.)

“கேக்கவே இல்லீங்களே!”

கயிறு அறுந்தது. நான் மாரியப்பன் மேல் விழுந்தேன். ரதி முதலில் செத்தாள், பின்னால் காமன். தப்பு நின்றது. அந்த அமைதியில் தோட்டத்து அதிகாரி மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். எங்கள் ஊர்க் கூத்து இப்படித்தான் என்று நினைத்துவிட்டார். அப்பா அவருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் நிஜமாகவே எரிந்தேன்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது இழுத்தடித்தால், தங்கச்சி, “அண்ணே, விழப்போறியா தொங்கப்போறியா?” என்பாள். அவள் பேரப்பிள்ளைகளுக்கும் இது பாடமாகிவிட்டது. அப்பா சாகும்வரை, கூத்தன்று காமன் வேஷக்காரனின் முதுகைத் தடவிப் பார்க்காமல் மேடையேற்றியதில்லை. மேலே நான் என்ன கத்தினேன் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. காமன் மந்திரம் சொன்னான் என்று லயத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு நொண்டிக்கொண்டே போனேன். முகத்தில் பாதி மை அப்படியே இருந்தது. பழனி டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மரத்தில் அத்தனை கத்தியவனுக்குத் தரையில் குரலே இல்லை. பஸ் உறுமியது. கண்டக்டர் விசில் ஊதினார். அவன் ஜன்னலுக்கு வெளியே குனிந்தான்.

“மேல தொங்கிட்டுச் சொன்னீங்களே, அது மொத தடவையே கேட்டுச்சுங்க.”

பஸ் நகர்ந்தது. நான் நொண்டியபடி கூடவே ஓடினேன். “பின்ன ஏன் கேக்கலன்னீங்க?”

“இன்னொருக்கா கேக்கோணும்போல இருந்துச்சுங்க.”