நான் குடிக்காத தண்ணீர்

தண்ணீரைப் பரிசோதிப்பது என் தொழில். இத்தனை வருஷத்தில் லேப் ரிஜிஸ்தரில் பொய்யான அளவு ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. (கொஞ்சம் என்பது என் அபிப்பிராயம். என் மனைவி ஜோசபினைக் கேட்டால் வேறு சொல்வாள்.) அப்பேர்ப்பட்ட நான் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, மைக் முன்னால் நின்று ஒரு பச்சைப் பொய்யைக் குடித்தேன். ‘சொன்னேன்’ என்று எழுதாமல் ‘குடித்தேன்’ என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாயைத் திறந்து பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலப்பட்டிருக்க மாட்டேன்.

அந்த வருஷம் புதுச்சேரியில் மழை முழுசாக ஏமாற்றிவிட்டது. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, குழந்தைகளைக் குளிப்பாட்டினால் அரிப்பு. லாரி வரும் என்று ஜனங்கள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுக் காத்துக் கிடப்பார்கள். லாரி வராத நாளில் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிற பெண்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

அப்போதுதான் நான் வேலை பார்த்த சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு சோதனை நடந்தது. டவுன் சாக்கடைத் தண்ணீரைப் பல கட்டமாக வடிகட்டி, கிருமி நீக்கி, குடிக்கிற தண்ணீராக மாற்றுவது. முதலில் தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு தெருவுக்கு மட்டும் குழாய் போட்டுத் தருவதாகத் திட்டம். மாசக்கணக்கில் தினமும் பரிசோதித்தவன் நான். தண்ணீர் சுத்தம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தெருக்காரர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் குழாய் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

தெரு சம்மதிக்க வேண்டுமென்றால் செல்வி அக்கா சம்மதிக்க வேண்டும். துறைமுகத்தில் ஏலம் எடுத்து வீடு வீடாக மீன் விற்கிறவர். எங்கள் வீட்டுக்கும் அவர்தான் மீன் கொடுப்பார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. நான் போய் டி.டி.எஸ், பி.எச் என்று விலாவாரியாக விளக்கினேன். அக்கா காது கொடுத்தபடியே ஒரு வஞ்சிரத்தைத் துண்டு போட்டு முடித்தார்.

“இதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு சாரு? நீ குடிப்பியா?”

“குடிப்பேங்க்கா.”

“ஊரு முன்னால?”

“ஊரு முன்னாலயே குடிக்கிறேன்.”

“அப்ப நானும் குடிக்கிறேன். முடிஞ்சிச்சு, போ.”

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அதுவரை அந்தத் தண்ணீரில் ஒரு மடக்குகூட நான் குடித்ததில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. லேப்பில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று தடவை டம்ளரை உதடு வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். ஆனால் தினமும் காலையில் முதல் சாம்பிளை எடுப்பது சாக்கடை உள்ளே வந்து விழுகிற இடத்தில். அங்கே என்னென்ன மிதந்து வரும் என்று எனக்குத் தெரியும். (சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பீர்கள், விவரம் வேண்டாம்.) புத்தி சுத்தம் என்றது. தொண்டை கேட்கவில்லை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிலையத்திலிருந்து ஒரு எவர்சில்வர் டிரம் நிறையத் தண்ணீர் நேராகப் பந்தலுக்குப் போய்விட்டது. நான் குடிப்பதற்கென்று லேபிள் ஒட்டிய பாட்டில் ஒன்றில் தனியாகப் பிடித்து, சட்டை மாற்றிக்கொள்ள வீட்டுக்கு வந்தேன். ஜோசபின் பூசைக்குப் போயிருந்தாள். சமையலறை மேடையில் பாட்டிலை வைத்துப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அன்று காலைதான் வந்திறங்கிய தண்ணீர் கேனைப் பிரித்துப் பாட்டிலை நிரப்பினேன். லேபிளைத் துடைத்துப் பளிச்சென்றும் ஆக்கினேன், பாவி.

கூட்டத்துக்குத் தலைமை என் மாமனார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தத் தெருவிலேயே வீடு. தெரு மொத்தமும் அவரை ‘முசியே’ என்றுதான் கூப்பிடும். “எம் மாப்ள பொய் சொல்ல மாட்டான். அவனுக்கு அவ்ளோ சாமர்த்தியம் கிடையாது,” என்று மைக்கில் என்னை அறிமுகப்படுத்தினார். நான் பாட்டிலை உயரத் தூக்கிக் காட்டினேன். மாமனார் “சான்தே!” என்று முழங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் கோப்பையை உயர்த்தும்போது ‘உடம்புக்கு நல்லதாகட்டும்’ என்று சொல்கிற வார்த்தை அது. ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். கைதட்டினார்கள். அதோடு நிறுத்தினேனா? புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “எவ்ளோ ருசி!” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

செல்வி அக்கா சொன்ன சொல் தவறாமல் முதல் ஆளாக வந்து, டிரம்மில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். பிறகு இரண்டாவது டம்ளரைப் பிடித்துத் தன் மகள் கவிதாவிடம் நீட்டினார். கவிதாவை வீராம்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. ஏழு மாசக் கர்ப்பம். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். அவள் தயங்கினாள்.

“குடி கண்ணு. சாரே குடிச்சிட்டாரு.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். டிரம்மில் இருப்பது நல்ல தண்ணீர், அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். நான் சிரித்தபடி நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மறுநாள் விடிந்தது. எனக்கு விடிந்தது கழிப்பறையில். வாந்தி ஒரு பக்கம், பேதி ஒரு பக்கம். மத்தியானத்துக்குள் நடக்க முடியாமல் போய், கோரிமேடு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். ஜோசபின் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேலைன்னு வந்துட்டா உசுரக்கூடப் பாக்க மாட்டீங்களா?” என்று அழுதாள். தியாகி மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

அதற்குள் தெருவெல்லாம் சேதி பரவிவிட்டது. ‘தண்ணியக் குடிச்ச ஆபீசருக்கே பேதி.’ பந்தலிலேயே கையெழுத்துப் போட்டவர்கள் பேரை அடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் செல்வி அக்கா இரண்டு இளநீரோடு வார்டுக்கு வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“சாரு, கவிதாவ அவ மாமியா என் கண்ணுல காட்ட மாட்டேங்குது. புள்ளத்தாச்சிக்கு சாக்கடத் தண்ணியக் குடுத்துட்டியே, இனிமே உன் வூட்டுக்கு அனுப்ப மாட்டோம்னுடுச்சு. வளகாப்பு போட்டு, தலப்பிரசவத்துக்கு நாந்தான அழச்சிட்டு வரணும்? எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு.” இளநீர் இரண்டையும் பையிலிருந்து எடுத்துக் கட்டிலோரம் வைத்தார். “அதகூட வுடு. நீ படிச்சவன், உண்மையச் சொல்லு. உனக்கே இப்பிடி ஆயிடுச்சே, அவ வயித்துல இருக்கற உசுருக்கு எதனா ஆவுமா?”

அவர் கை என் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தினமும் கத்தி பிடிக்கிற கை.

“அக்கா, நான் அந்தத் தண்ணியக் குடிக்கல.”

“இன்னா?”

“பாட்டில்ல இருந்தது எங்க வூட்டு கேன் தண்ணி. நான் குடிக்க வேண்டிய தண்ணியக் கறிவேப்பிலச் செடிக்கு ஊத்திட்டேன். எனக்குக் குடிக்க மனசு வரல. கவிதாவுக்கு ஒண்ணும் ஆவாது, அவ குடிச்சது நல்ல தண்ணிதான்.”

ஜோசபின் என் கையை விட்டாள். அடி விழும் என்று நான் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அக்கா அடிக்கவில்லை.

“எவ்ளோ தெரிஞ்சவங்க குடுத்தாலும் செவுளத் தூக்கி செவப்பா இருக்கான்னு பாக்காம நான் மீனு எடுத்ததில்ல. உன்ன மட்டும் பாக்காம எடுத்துட்டேன்.”

எழுந்தார். கொண்டுவந்த இரண்டு இளநீரையும் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். “இது எம் பொண்ணுக்கு,” என்றார். கதவு வரை போய்த் திரும்பி, “டாக்டரு எப்ப வுடுவாரு?” என்று கேட்டார்.

“நாளைக்கு.”

“நேரா வீராம்பட்டினம் வர்ற. எஞ் சம்பந்தி வூட்டுல நின்னு இதச் சொல்ற.”

அன்றைக்கே ஜோசபின், வீட்டில் மிச்சமிருந்த கேன் தண்ணீரை எங்கள் லேப்பிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். மறுநாள் நான் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நேரத்துக்கு முடிவு வந்தது. கேனில்தான் மலக்கிருமி. அவள் எப்போதும் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவள், தப்பித்தாள். டவுன் சாக்கடையை மாசக்கணக்கில் சோதித்த நான், என் வீட்டுக் கேனில் ஒரு நாளாவது ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததில்லை.

அங்கிருந்தே ஆட்டோவில் போனோம். செல்வி அக்கா மடியில் ஒரு குடம், நிலையத்திலிருந்து அவரே நேரில் போய்ப் பிடித்து வந்த தண்ணீர். மாமனார் டிரைவர் பக்கத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து வீராம்பட்டினம் வரைக்கும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கையில் ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியோடு, பரிசோதனை ரிப்போர்ட்டைச் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கவிதாவின் மாமியார் வாசற்படியை விட்டு நகரவில்லை. அங்கேயே நின்று, ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கம்பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். கறிவேப்பிலைச் செடி வந்தபோது யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை நீட்டினேன், வாங்கவில்லை.

“காயிதத்த நீயே வச்சிக்க. உன் வாய்க்கு ஆவாதத எம் மருமவ வாயில ஊத்துனியா?”

ரிப்போர்ட்டைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் செருகினேன்.

செல்வி அக்கா குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு என் கையில் வைத்தார். சுற்றி அத்தனை கண். இந்தத் தடவை தொண்டையிடம் நான் கேட்கவில்லை. குடித்தேன். ஒரு ருசியும் இல்லை. உப்பு இல்லை, வாடை இல்லை. வெறும் தண்ணீர். இதற்கா இவ்வளவு கூத்து அடித்தேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னொரு சொம்பு,” என்றார் மாமியார். குடித்தேன்.

“செரி. நாளைக்கு இதே நேரம் வரைக்கும் இந்தாளு இங்கயே இருக்கட்டும். ஒண்ணும் ஆவலன்னா அப்பறம் பேசுவோம்.”

மாமனார் அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தார். “தாராளமா வச்சிக்குங்க,” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

ஆக, நானே சாம்பிள் ஆனேன். கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். தாகம் எடுத்தால் அந்தக் குடம்தான். நான் எழுந்தால் டி.வி. சத்தம் குறையும். கொல்லைப்பக்கம் போனால் அந்த அம்மாள் வெளியே நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். (இதற்கு மேல் விவரம் வேண்டாம் என்று முன்பே சொன்னேன்.) கவிதாதான் ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தாள். “பயப்படாம சாப்பிடுங்க சார். எனக்கு ஒண்ணும் ஆவல, உள்ள நல்லா ஒதைக்குது,” என்றாள். நான் ஏமாற்றிய பெண் எனக்குத் தைரியம் சொன்னாள்.

மறுநாள் அதே நேரம் செல்வி அக்காவும் வந்து சேர்ந்தார். நான் கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குடத்தில் ஒரு டம்ளர் மொண்டு, தானே பாதி குடித்தார்.

“சப்புனு இருக்கு,” என்றார். அப்புறம் செல்வி அக்கா பக்கம் திரும்பி, “வளகாப்புக்கு உங்க பக்கம் எத்தினி பேரு வருவாங்க?” என்று கேட்டார். செல்வி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

கவிதா வளையல் குலுங்க அம்மா வீட்டுக்கு வந்தாள். தெருவும் கையெழுத்துப் போட்டது, குழாய் வந்தது. மழை பெய்கிற வரைக்கும் அந்தத் தெருவில் யாரும் லாரிக்குக் குடம் போடவில்லை. ஆபீசில் எனக்கு மெமோ கொடுத்தார்கள், நியாயம்தான். இப்போதும் லேப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறேன்.

மாமனார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், நான் தண்ணீரைக் கையில் எடுத்தால் “சான்தே!” என்கிறார். ஜோசபின் உடனே, “செடிக்கு ஊத்தாம குடிங்க,” என்கிறாள். கறிவேப்பிலை இப்போது மாடி உயரம் வளர்ந்துவிட்டது. பறிக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

செல்வி அக்காவிடம் இன்னமும் நான்தான் நேரில் போய் மீன் வாங்குகிறேன். கவிதாவின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். லீவில் அங்கேதான் இருப்பாள். என் தலையைக் கண்டதும் யாரும் சொல்லாமலே குழாயில் ஒரு டம்ளர் பிடித்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிற வரைக்கும் கண் எடுக்காமல் எதிரே நிற்பாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. மாமா வந்தால் இப்படித்தான் செய்ய வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

“குடிச்சிட்டாரு ஆயா!”

“முழுசாவா?” உள்ளேயிருந்து செல்வி அக்காவின் குரல்.

குழந்தை டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பாள். “முழுசா!”

அதற்கப்புறம்தான் அக்கா வெளியே வருவார். எனக்கு எடுத்து வைத்த மீனின் செவுளை விரலால் தூக்கி, என் கண்ணுக்கு நேராகக் காட்டிவிட்டு, நறுக்க உட்காருவார்.