ரொம்ப பிஸி, கொஞ்சம் பிஸி

ஒரு ஊரிலே, ஒரு மாடி வீட்டிலே, ஒரு கடிகார ரிப்பேர்காரர் இருந்தாராம். ஊர்க் கடிகாரமெல்லாம் அவர் திருகினால் ஓடும். வீட்டிலோ, மனைவி ஒரு பார்வை பார்த்தால் அவரே ஓடுவார்.

ஒருநாள் கடைக்கு வந்த பல் டாக்டர், அடித்த போனை எடுத்து, "நான் பிஸி" என்றார். எதிர்முனை கப்சிப். அடேயப்பா, இரண்டெழுத்துக்கு இவ்வளவு பவரா! இனி வீட்டில் எந்த வேலை சொன்னாலும் இதுதான் பதில் என்று முடிவு கட்டிவிட்டார் நம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்குத் தெருக்கோடியில் கேரம் பைனல். நாலு வருஷமாகக் கைநழுவிய கோப்பை.

"ஏங்க, மொட்டைமாடித் தண்ணித் தொட்டி பாசி பிடிச்சுக் கிடக்கு. கழுவிடுங்களேன்."

"நான் பிஸி!" நெஞ்சு நிமிர்ந்தது. சாட்சிக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேஜை முழுக்கப் பரப்பினார்.

"சரிங்க" என்றாள் மனைவி.

அவ்வளவுதானா? அவ்வளவேதான்! அவர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

சற்று நேரத்தில் டீ வாசனை வந்தது. டீ வரவில்லை.

"எனக்கு டீ எங்கே?"

"பிஸியா இருக்கறவரைத் தொந்தரவு பண்ணலாமா?"

டீயா பெரிசு? மானம்தான் பெரிசு. பல்லைக் கடித்துக்கொண்டார்.

பத்துக்கு ஐந்து நிமிஷம். அவருக்குக் கேரம் ஜோடியான பேக்கரிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, அண்ணன் கிளம்பியாச்சா?"

"ஷ்ஷ்... அவர் பிஸி."

"பைனலை விடவா?"

உள்ளேயிருந்து குரல் பறந்தது. "தம்பி, போயிடாதே! ரொம்ப பிஸியெல்லாம் இல்லை!"

"ஓ, கொஞ்சம்தான் பிஸியா? அப்ப தொட்டியைக் கழுவிட்டுப் போங்க" என்றாள் மனைவி.

விட்டுக்கொடுத்தால் பாசி. முறைத்து நின்றால் கோப்பை போச்சு. ஆனாலும் ரோஷம் விடுமா? "இல்லை! ரொம்ப ரொம்ப பிஸி!" என்று கத்தினார்.

"ஐயோ அண்ணி, ஆள் குறைஞ்சா கோப்பையைத் தூக்கி எதிர் ஜோடி கையில குடுத்துடுவாங்களே!"

"ஏன் குடுக்கணும்? நான் வர்றேன்."

கணவரின் ஸ்ட்ரைக்கரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பேக்கரிக்காரர் முன்னால் ஓட, இவள் நிதானமாகப் படியிறங்கினாள்.

கடிகாரக்காரர் ஜன்னலுக்குப் பாய்ந்தார். "ஏய்! நான் பிஸி இல்லை! சத்தியமா சும்மாதான் இருக்கேன்!"

தெருவே கேட்டது.

"தெரியுங்க" என்றாள், திரும்பாமலே. "பிரஷ் தொட்டி மேலேயே இருக்கு."

சொன்னவள் தெருமுனை திரும்பிப் போயே போய்விட்டாள்.