ஒரு தெருவின் தலைமுடியில் வாங்கிய குண்டான்

அரியலூரில் குப்பை வண்டி நிற்காமல் போகும் வீடு ஒன்றே ஒன்றுதான். அது எதுக்காச்சும் அக்காவின் வீடு. காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பேட்டரி வண்டி எங்கள் லைன் வீடுகளில் வாசல் வாசலாக நிற்கும். அக்கா வாசல் வந்ததும் மட்டும் வேகம் எடுக்கும். நின்றால் ஆபத்து. ஒருமுறை தெரியாமல் நின்றபோது, அக்கா வண்டிக்குள் எட்டிப் பார்த்து, யாரோ போட்டிருந்த குடைக்கம்பிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். குப்பை போட வேண்டிய வீட்டுக்குக் குப்பை வண்டி சப்ளை செய்தது என்று ஊரே சிரித்தது.

அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் எதுக்காச்சும் அக்காதான். எதைக் கையில் எடுத்தாலும், "போடாத, எதுக்காச்சும் ஆகும்" என்பார். ஷாம்பு பாக்கெட்டுகளைக் கோத்து ஜன்னல் திரை செய்திருந்தார். காற்றடித்தால் வீடு முழுக்கச் சரசரவென்று சத்தம் வரும், தெரு முழுக்க மணக்கும். காலி சிமெண்ட் சாக்கில் மழைக்கோட்டு தைத்திருந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் எங்கள் தெருவுக்குத் தினமும் இலவசமாக இறக்கிவிட்டுப் போகும் தூசியைக்கூட விடமாட்டார். ஜன்னல் கம்பியிலிருந்து வழித்து டப்பாவில் அடைத்து, அதில்தான் பாத்திரம் விளக்குவார்.

அக்காவின் கணவர் அப்படி ஒரு சுண்ணாம்புக்கல் லாரியின் டிரைவர். அதிகம் பேசாத மனிதர். நல்ல சட்டை, பேண்ட் எல்லாவற்றையும் லாரியில்தான் மறைத்து வைத்திருப்பார். வீட்டில் வைத்தால் கத்தரிக்கோல் பார்த்துவிடும்.

அந்த லைன் வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது என் மகன் இனியன் வயிற்றில் இருந்தான். என் கணவருக்குச் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. நான் திருமானூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறியவள் எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். வரை இறங்கவே இல்லை. அந்த லைன் வீடுகளில் பெயர்ப்பலகை மாட்டிய முதல் ஆளும் நான்தான். பட்டங்கள் எல்லாம் தெரிய, நீலத்தில் வெள்ளை எழுத்து. அக்கா வந்து நிதானமாகப் பார்த்தார்.

"பலகை ஜோரா இருக்கு, படிச்ச புள்ள. பின்பக்கம் சும்மாதானே கெடக்கு?"

மறுநாள் பலகையின் பின்பக்கத்தில் நான்கு ஆணி அடித்து, என் வீட்டுச் சாவிக்கும் குடைக்கும் இடம் செய்து கொடுத்துவிட்டார். இன்றுவரை என் சாவி என் பட்டங்களுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.

இனியன் பிறந்த பிறகு அக்காவுக்கு வேலை கூடியது. கணவரின் பழைய காக்கி பேண்ட்டில் அவனுக்கு ஒரு யானை தைத்தார். கால்சட்டையின் ஒரு கால்தான் தும்பிக்கை. என்ன மாயமோ, அந்த யானை அச்சு அசலாக அவர் கணவர் மாதிரியே இருந்தது. அதே தொங்கின முகம், அதே பேசாத வாய். இனியன் யானையையும் "மாமா" என்றான், அவரையும் "மாமா" என்றான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யானை முகத்தில்தான் கொஞ்சம் வருத்தம் தெரிந்தது.

ஒருநாள் இனியனின் புது டயபர் ஒன்று பிரிக்கும்போதே கிழிந்துவிட்டது. தூக்கிப் போடப் போனேன். அக்கா பிடுங்கிக்கொண்டார். உள்ளே இருந்த வெள்ளைப் பொடி தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. அதை அப்படியே ரோஜாத் தொட்டியில் கொட்டிக் கிளறினார்.

"அக்கா, அது பாலிமர். தண்ணி பட்டா பயங்கரமா ஊதும்," என்றேன்.

"ஊதட்டுமே. இனிமே தெனம் தண்ணி ஊத்த வேணாம் பாரு."

அன்று மாலை பெய்த மழையில் தொட்டி பொங்கியது. மறுநாள் காலையில் ரோஜாச் செடி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்க, தொட்டியிலிருந்து அந்தப் பொடி கொழகொழவென்று வழிந்து வாசல் வரை வந்திருந்தது. இனியன் அதன் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு, "இத்தி! இத்தி!" என்றான். இட்லி மாவாம். "புள்ளைக்கு வெளையாட ஆச்சுல்ல? நான் சொன்னேன்ல, எதுக்காச்சும் ஆகும்னு" என்று அக்கா அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார். வழித்துப் போட்டவள் நான்.

இனி குண்டானுக்கு வருகிறேன்.

சீப்பில் சுற்றும் தலைமுடியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் முடிக்காரர் ஒருவர் மொபட்டில் வருவார். தெருப் பெண்கள் ஆளுக்கொரு உருண்டை கொடுத்து டம்ளரோ கரண்டியோ வாங்குவார்கள். அக்கா அப்படி இல்லை. மொபட்டின் உச்சியில் தொங்கிய ஓர் எவர்சில்வர் குண்டானைக் குறிவைத்துவிட்டார். வயிறு பெருத்து, கழுத்து சிறுத்து, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். அதற்குத் தன் ஒரு தலை முடி போதாது என்று, தெருவில் உள்ள எல்லாத் தலைகளையும் தத்தெடுத்துக்கொண்டார். யார் தலை சீவினாலும் சீப்பை அவரிடம் காட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நான் சீப்பைப் பார்த்து அழுவேன். அக்கா சீப்பைப் பார்த்துப் பூரிப்பார்.

"அழுவாத புள்ள. கொட்டுறது கொட்டட்டும். குண்டான் கிட்ட வந்துருச்சு."

முடிக்காரர் ஒவ்வொரு முறையும் தராசில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "இதுக்கு ஒரு டம்ளர் வரும்க்கா."

"டம்ளரை உன் தலையில கவுத்துக்க. எனக்குக் குண்டான்தான் வேணும்."

கடைசியில் ஒருநாள் குண்டான் இறங்கியது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. எங்கள் எல்லார் தலையிலிருந்தும் போனது அதில் இருந்ததல்லவா! வருகிற பொங்கலுக்குத்தான் அடுப்பில் ஏற்றுவேன் என்று அக்கா சபதம் போட்டார். அதுவரை தினமும் லாரித் தூசி போட்டு விளக்கி, தன் முகத்தை அதில் பார்த்துக்கொண்டு, அலமாரியில் ஏற்றி வைப்பார்.

ஒரு காலை, விளக்கிய குண்டானை அக்கா தரையில் கவிழ்த்துவிட்டுத் துணி எடுக்கத் திரும்பினார். யானையை இழுத்துக்கொண்டு வந்த இனியனுக்கு அப்போது ஒன்றரை வயது. குண்டானைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். மூக்கு வரை போய் நின்றது. கீழே வாயும் தாடையும் மட்டும் தெரிந்தன.

"ம்ம்மா...!" என்றான். உள்ளே இருந்து மைக் செட்டில் பேசுவது போல முழங்கியது. அவனுக்கே பிடித்துவிட்டது. மறுபடி "ம்ம்மா...!" நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு கழற்றப் பார்த்தோம். வரவில்லை. காது தடுத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

தேங்காய் எண்ணெய் ஊற்றினோம். சோப்பு நுரை தடவினோம். பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "தலைகீழாப் பிடிச்சுக் குலுக்குங்க" என்றாள். அவளை அனுப்பிவைத்தோம். என் படித்த மூளை வேலை செய்தது. உலோகம் சூட்டில் விரியும்!

"அக்கா! குண்டானை லேசாச் சூடு பண்ணினா..." என்று தொடங்கினேன். உள்ளே இருப்பது என் பிள்ளை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"படிச்ச புள்ள," என்றார் அக்கா, "நீ கொஞ்ச நேரம் படிக்காத புள்ளயா இரு."

அதற்குள் இனியன் அழத் தொடங்கிவிட்டான். அவன் அழுகை குண்டானுக்குள் முழங்க, அந்தச் சத்தத்துக்குப் பயந்து இன்னும் அழுதான். காது ஓரம் சிவந்து வீங்கத் தொடங்கியது. அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினார். பின்னால் நான். என் கையில், எதற்கென்று தெரியாமல், யானை. டவுன் பஸ் ஒன்று நின்றேவிட்டது. குண்டான் தலையும் குழந்தை உடம்புமாக ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஓடினால் யார்தான் பார்க்கமாட்டார்கள்!

எதிர்த் தெருவில் கிரில் பட்டறை. பட்டறைக்காரர் வெட்டும் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தார். எடுத்தவர் குண்டானின் பளபளப்பைப் பார்த்துத் தயங்கினார்.

"புத்தம் புதுப் பாத்திரமா இருக்கேக்கா. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு இழுத்துப் பாப்பமா?"

நான் அக்காவைப் பார்த்தேன். கிழிந்த டயபரை விடாதவர், ஷாம்பு பாக்கெட்டை விடாதவர். தெருவே சேர்த்துக் கொடுத்த முடி. பொங்கலுக்கு இன்னும் ஒரு மாதம்.

"வெட்டுய்யா!" என்று கத்தினார் அக்கா. "புள்ள கதறுது, பாத்திரத்துக்குப் பாவம் பாக்குறான் பாரு இந்த ஆளு! வெட்டுன்னா வெட்டு!"

என் கையிலிருந்த யானையைப் பிடுங்கி, அதன் தும்பிக்கையைக் குண்டானுக்கும் இனியனின் கன்னத்துக்கும் நடுவில் திணித்துக்கொண்டார். கத்தரி அதன் மேல் நறுக் நறுக்கென்று ஏறியது. முடிக்குக் கொடுத்த பாத்திரம், தகடு மெல்லிசு. முடிக்காரர் ஏமாற்றியதும் எதற்காவது ஆயிற்று. குண்டான் இரண்டாகப் பிளந்தது. இனியன் எண்ணெய் வழிய வெளியே வந்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, ஈ என்று சிரித்தான். சிரித்துவிட்டு அந்தப் பாதிக் குண்டானை எட்டிப் பிடித்து மறுபடி தலையில் வைக்கப் போனான். காயம் பட்டது யானைக்கு மட்டும்தான். தும்பிக்கையில் பாதி போயிருந்தது.

நான் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "குண்டான் போச்சேக்கா."

"அட போ புள்ள," என்றவர், குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டார். "எதுக்காச்சும் ஆகும்."

ஆயிற்று. ஒரு துண்டு குப்பை அள்ளும் முறமானது. அதில்தான் எங்கள் உதிர்ந்த முடியை அள்ளினார். மற்றொன்று யானைக்குத் தொப்பி. பொங்கல் பழைய அலுமினியப் பாத்திரத்தில் பொங்கியது. முடிக்காரரின் மொபட் வந்தால் மட்டும் அக்கா அதன் உச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

பிறகு எனக்குப் பெரம்பலூரில் ஆசிரியை வேலை கிடைத்தது. வீடு மாறினோம். அங்கே போனதிலிருந்து என் சீப்பில் சுற்றும் ஒரு முடியைக்கூட நான் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகளிடமும், சக ஆசிரியைகளிடமும் வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கினேன். "கெமிஸ்ட்ரி டீச்சர் ஏதோ சோதனை பண்றாங்க" என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். ஒரு பெரிய கவர் நிறைந்ததும் இனியனைக் கூட்டிக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன்.

"அக்கா, குண்டானுக்குச் சேர்த்தேன்," என்று நீட்டினேன்.

அக்கா கவரைப் பிரித்தார். முகம் மலரும் என்று பார்த்தேன். மாறாக, என் தலையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்து, வகிட்டை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"எல்லாம் உன் தலையா? இவ்ளோவா கொட்டுது? நேரத்துக்குச் சாப்புடுறியா, இல்ல புத்தகத்தையே தின்னுட்டுக் கெடக்குறியா?"

பாதிதான் என்னுடையது என்று நான் சொல்வதற்குள், தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. வழக்கம்போல அக்கா வாசலில் வண்டி வேகம் எடுத்தது. அக்கா ஓடிப்போய் அந்தக் கவரை வண்டிக்குள் வீசினார். வண்டி கிறீச்சென்று நின்றது. ஓட்டுநர் இறங்கியே வந்துவிட்டார்.

"அக்கா, தெரியாமப் போட்டுட்டீங்களா? எடுத்துத் தரவா?"

"ஒண்ணும் வேணாம், நீ போ," என்றார் அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள வா புள்ள. முருங்கைக்கீரை வதக்கி வெச்சிருக்கேன்."