காருக்கு நான் போட்ட ஏழு தையல்

மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொந்தக் கார் வாங்கிவிட்டால், உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்தது. அது என் தங்கை கல்யாணத்தையே ஆவணிக்குத் தள்ளிவிடப் பார்த்தது.

சிம்மக்கல்லில் பழைய சாக்கு வாங்கி, ஓட்டை அடைத்து விற்றே மேலே வந்தவன் நான். (ஓட்டை அடைப்பதில் மதுரையில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஓட்டை போடுவதிலும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.) உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி, யாரோ ஒரு துரை விட்டுப்போன காரை ஒரு ஷெட்டுக்காரரிடம் வாங்கினேன். பத்தே நாளில் ஓட்டவும் பழகினேன். விற்றவர் முன்பக்கத்துச் சல்லடையைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். சாக்குக் கடைக்காரனுக்குச் சல்லடையைப் பற்றிப் பாடமா என்று நான் காது கொடுக்கவில்லை.

அடுத்த மாதமே தங்கை பேச்சியம்மாளுக்குத் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம், ஒன்பது மணிக்குள். தவறினால் ஆடி வந்துவிடும், அப்புறம் ஆவணிதான். அதுவரை மாப்பிள்ளை வீடு மனம் மாறாமல் இருக்குமா என்று அம்மாவுக்குப் பயம். அவர்கள் பெண்ணை அழைக்க வில்வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். என் தங்கை மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டு வராது, காரில்தான் வரும் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன்.

அன்று காலை கல்யாணக் காருக்கு மாலை போட வேண்டும். வெறுமனே கட்டினால் காற்றில் பிய்ந்துவிடாதா? இடுப்பில் எப்போதும் இருக்கும் சாக்கூசியை எடுத்தேன். சாக்கு மூட்டைக்கு வாய் தைப்பதுபோல, மாலையை அந்தச் சல்லடையோடு சேர்த்துச் சணலால் ஏழு தையல் போட்டேன். எங்கள் ஊர் விளாங்குடியே நின்று பார்த்தது. இப்படி மாலை கட்டி எந்தக் காரிலும் பார்த்ததில்லை என்றார்கள். உண்மைதான்.

வீட்டார் எல்லோரும் முன்னாலேயே மாட்டு வண்டிகளில் போய்விட, காரில் நான், பேச்சி, வெற்றிலைப் பையோடு எங்கள் தாய்மாமன். ஏழரைக்குக் கிளம்பினோம். வைகைப் பாலம் தாண்டியதும் முன்னால் புகை. தண்ணீர் ஊற்றும் மூடியைத் துண்டால் திருகினேன். ஆவி சீறி விரலைப் பொசுக்கியது. உள்ளே தண்ணீர் பாதிகூட இல்லை. "வெயிலு குடிச்சிருச்சு மாமா" என்றேன். (காலை எட்டு மணி வெயில்!) ஒரு வீட்டில் குடத்தோடு தண்ணீர் வாங்கி ஊற்றி, குடத்தையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஊரைத் தாண்டியதும் மறுபடி புகை. இப்போது குற்றம் ரப்பர் குழாயின் மேல். அது ஈரமாக இருந்ததே! சணலை எடுத்து இருபது சுற்றுச் சுற்றி இறுக்கினேன். அரை மைலில் எஞ்சின் தட்டத் தொடங்கியது. வயலுக்கு நடுவே நிறுத்தினேன். பக்கத்துக் கிணற்றுக்கு ஓடிக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினேன். ஊற்ற ஊற்ற, தண்ணீர் மண்ணில் ஓடியது. பட்டு வேட்டி சேற்றில். காருக்கு அடியில் படுத்து எதெதையோ முறுக்கினேன்.

மாமா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "மணி எட்டு இருவது மாப்ள. நாங் கேக்கலப்பா, அங்க போனா மாப்பிள்ள வீட்டுல கேப்பாக."

ரோட்டில் ஒரு வண்டிகூட இல்லை. பேச்சி கதவைத் திறந்து இறங்கினாள். அழுகிற மூஞ்சி, ஆனால் கண் மட்டும் மாலை மேல்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா வைய மாட்டீகளே?"

"கேளு."

"எந்தலப் பூவு வாடிருச்சு. மாமா வெத்தலையும் சுருண்டுருச்சு. காரு மாலை மட்டும் எப்படிண்ணே சொட்டச் சொட்ட இம்புட்டு ஈரமா இருக்கு?"

மாலையை அறுத்தேன். ஆறு சணல் சும்மா உருவி வந்தது. ஏழாவதை உருவினேன், அதுவரை பாதி அடைத்திருந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் என் நெற்றியில் பீச்சியது. சல்லடை என்று நான் நினைத்தது தண்ணீர் ஓடும் மெல்லிய குழல்களின் வரிசை. ஷெட்டுக்காரர் சொல்ல வந்ததும் அதுதான்.

மாமா வெற்றிலைப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து நீட்டினார். அதன் மழுங்கிய பக்கத்தால் அந்த ஒற்றைக் குழலை ஓட்டைக்கு மேலும் கீழும் நசுக்கினேன். தண்ணீர் கசிவாகக் குறைந்தது. பேச்சி தன் சீர்ப் பெட்டியைத் திறந்து, உறை பிரிக்காத வாசனை சோப்பை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீரில் பிசைந்து அப்பினேன். நின்றது.

மறுபடி தண்ணீர் நிரப்பிக் கிளம்பி, ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தோம். ஆனால் சூட்டில் சோப்பு இளகி, கார் வாயெல்லாம் நுரை தள்ளிக்கொண்டு பந்தல் முன் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா நிதானமாகச் சுற்றிவந்து பார்த்தார்.

"எங்க மாடுகூட இம்புட்டு நுர தள்ளாது, தம்பி."

தாலி நேரத்துக்கு ஏறியது. ஆனால் பந்தலே சிரித்த சிரிப்பில் மேளச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

இன்றைக்கு எனக்கு மூன்று பஸ் ஓடுகிறது. (சொந்த உழைப்பு, எழுதிக்கொள்ளுங்கள்.) ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பூசை போடும்போது பேச்சிதான் தட்டோடு வருவாள். சூடம் கொளுத்துமுன் என் முன்னால் வந்து, ஊரே பார்க்கக் கையை நீட்டுவாள். நானும் மறு பேச்சில்லாமல் இடுப்பிலிருந்து சாக்கூசியை எடுத்து அவள் கையில் வைத்துவிடுவேன். அதை முந்தானையில் முடிந்த பிறகுதான் பஸ்ஸுக்கு மாலை.