குடலுக்கு விசில் ஊதிய கண்டக்டர்

மனிதக் குடலுக்கு விசில் ஊதிய ஒரே கண்டக்டர் இந்த உலகத்தில் எங்கள் ஸ்டெரால் அண்ணன்தான். கறம்பக்குடியிலிருந்து கந்தர்வக்கோட்டைக்கு நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

ஸ்டெரால் என்ற பெயர் வரக் காரணம் டிரைவர். பரோட்டாவும், ஆட்டுக்கொழுப்பு மிதக்கும் சால்னாவும் உள்ளே போகாமல் ஸ்டியரிங்கைத் தொடாத மனிதர். ஒரு ரத்தப் பரிசோதனையில் அவருக்குக் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம் என்று வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். பஸ் முதலாளி கெடு கொடுத்தார். "அடுத்த டெஸ்ட்ல கொறையலேன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்." டிரைவர் இடிந்துபோய் உட்கார்ந்தார். கண்டக்டர் செல்போனைத் திறந்து படிக்க உட்கார்ந்தார்.

மறுநாள் டிக்கெட்டோடு பிரசங்கமும் கிடைத்தது.

"கேட்டுக்கங்க. கடலை, எள்ளு, முந்திரி எல்லாத்துலயும் ஸ்டெரால்னு ஒண்ணு இருக்கு. பாக்க அச்சு அசலா கொலஸ்ட்ரால் மாதிரியே இருக்கும். நம்ம கொடல ஒரு பஸ்ஸுன்னு வையிங்க. ஸ்டெராலு முன்னாடியே வந்து சன்னல் வழியா துண்டு போட்டு சீட்டப் புடிச்சிரும். பின்னாடி வர்ற கொலஸ்ட்ராலு எங்க உக்காரும்?"

"ஸ்டாண்டிங்ல வரும்" என்றார் பூக்கூடையோடு நின்றிருந்த அக்கா.

"கொடல்ல ஸ்டாண்டிங் கெடையாதுங்க! எறங்கு எறங்குன்னு பின்வாசல் வழியா அனுப்பிரும்!" என்று சொல்லி, கொலஸ்ட்ராலை இறக்கிவிடும் வேகத்தில் விசிலை ஊதினார். ஸ்டாப் என்று நினைத்து டிரைவர் பிரேக்கை மிதித்தார். நாங்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு சீட்டு முன்னால் போய் விழுந்தோம்.

அன்றிலிருந்து டிக்கெட் பையில் சில்லறைக்கு இடமில்லை. வறுத்த கடலை, எள்ளுருண்டை, டிபன் பாக்ஸ் நிறையச் சுண்டல். நிறுத்தத்துக்கு நிறுத்தம் டிரைவருக்கு ஒரு பிடி, தனக்கு ஒரு பிடி.

"மாப்ள, இது மாடு திங்கிற தீனிடா" என்று டிரைவர் கெஞ்சுவார்.

"மாட்டுக்கு ஹார்ட் அட்டாக் வந்து பாத்திருக்கீங்களா மாமா? வாயத் தொறங்க."

ஸ்டெரால் சத்தம் போடாமல் வேலை செய்கிற சாதுவான பிராணியாக இருக்கலாம். அதனுடன் போன சுண்டல் அப்படியில்லை. ஒருநாள் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிக் காதைத் தீட்டினார்.

"மாப்ள, கியர் பாக்ஸ்ல என்னமோ உருளுதுடா."

"கியர் பாக்ஸ் இல்ல மாமா. நான்தான்."

அடுத்த வாரம் கந்தர்வக்கோட்டைக்கு முன்னால் முந்திரித் தோப்பு ஓரம் பஸ் திடீரென்று நின்றது. டிரைவர் ஒரு தண்ணீர் பாட்டிலோடு இடப்பக்கத் தோப்புக்குள் ஓடினார். கண்டக்டர் இன்னொரு பாட்டிலோடு வலப்பக்கத் தோப்புக்குள் ஓடினார். இருவரையும் வெகுநேரம் காணோம். சீட்டில் கிடந்த கண்டக்டரின் செல்போன் அடித்தது. முதலாளி. பூக்கார அக்காதான் எடுத்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு மொதலாளி. டிரைவரும் கண்டக்டரும்தான் ரிப்பேரு."

முதலாளி அன்றைக்கே இருவரையும் டாக்டரிடம் விரட்டினார். அங்கே நடந்ததை டிரைவர் எங்களுக்குச் சொன்னார். டாக்டர் முதலில் திட்டியிருக்கிறார். "ஸ்டெரால் நல்லதுதாங்க. கொலஸ்ட்ரால கொஞ்சம் உள்ள விடாம தடுக்கும். அதுக்காக மூட்டையா திங்கச் சொன்னது யாரு? சாப்பாட்டோட அளவா சாப்பிடுங்க, மாத்திரைய மட்டும் விட்றாதீங்க." பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால், டிரைவருக்குக் கொலஸ்ட்ரால் நன்றாகக் குறைந்திருந்தது. மாத்திரையா, கடலையா, பரோட்டாவின் பிரிவா, எதனால் என்று டாக்டர் பிரித்துச் சொல்லவில்லை. வண்டி அவரிடமே தங்கியது.

டிரைவரின் முதல் டெஸ்ட்டுக்குத் துணைக்குப் போன கண்டக்டரும் அப்போதே ரத்தம் கொடுத்திருந்தாராம். டாக்டர் அந்த ரிப்போர்ட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒங்களுக்கு ஆரம்பத்துலேருந்தே எல்லாம் நார்மலா இருக்கே. நீங்க எதுக்குங்க இந்தத் தீனி தின்னீங்க?"

ஸ்டெரால் அண்ணன் தலையைச் சொறிந்திருக்கிறார். "அவரு ஒத்தையில உக்காந்து திங்கிறதப் பாக்க முடியல சார்."

இதைச் சொல்லும்போது டிரைவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நேர்ரோட்டில் தேவையே இல்லாமல் ஹார்ன் அடித்தார்.

இப்போது அந்த ரூட்டில் புது பஸ் ஒன்று ஓடுகிறது. மெத்தை சீட்டு, நல்ல பாட்டு, எங்கள் வண்டிக்குச் சற்று முன்னாலேயே வந்து நிற்கும். "டீச்சர், ஏறலையா?" என்று அந்தக் கண்டக்டர் கூப்பிடும்போதெல்லாம், நான் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.