பெருமைத் தராசும் நீலப்பொடியும்

எந்த வரைபடத்திலும் இடம் பிடிக்காவிட்டாலும், எடைமங்கல நாட்டுக்குத் தன்னைப் பற்றிய மதிப்பில் ஒரு குறையும் இருந்ததில்லை. மற்ற நாடுகள் கோட்டையையும் படையையும் காட்டிப் பீற்றிக்கொள்ளும். எடைமங்கலம் தன் தராசைக் காட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடை முடிந்ததும், தராசின் ஒரு தட்டில் அரசர் உட்காருவார். மறு தட்டில் கோழிகளை ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். எத்தனையாவது கோழியில் அரசர் மேலே எழும்புகிறாரோ, அதுவே அந்த ஆண்டின் தேசப் பெருமை. எண் குறையக் குறையப் பெருமை கூடும். அரசரின் பாட்டனார் காலத்தில் நாற்பத்தொரு கோழி வேண்டியிருந்தது. இப்போது இருபத்துமூன்றே போதும். பள்ளிக்கூடச் சுவரெல்லாம் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

கோழிகள் இப்படிப் பருத்ததற்குக் காரணம் வெண்பொடி. மனிதர்களின் புண்ணையும் காய்ச்சலையும் ஆற்ற வந்த மருந்து அது. தீவனத்தில் தினம் ஒரு சிட்டிகை கலந்தால் கோழி சீக்கிரம் எடை போடுகிறது என்று யாரோ கண்டுபிடிக்க, அன்றுமுதல் நோயே இல்லாத கோழியும் வேளை தவறாமல் மருந்து தின்றது. நாள்தோறும் மருந்தோடு பழகிய கிருமிகளுக்கு அதன்மேல் இருந்த பயம் விட்டுப்போயிற்று. அந்தக் கிருமிகள் மனிதர்களிடம் வந்து சேர்ந்தபோது வெண்பொடி வெறும் சுண்ணாம்புக்குச் சமமாக இருந்தது.

இதை முதலில் கண்டவர் அரண்மனைக் கோழி வைத்தியர் பாவாத்தாள். அவருடைய இடுப்பில் எப்போதும் ஒரு பித்தளை முத்திரை தொங்கும். முப்பது ஆண்டுகளில், கண்ணால் பார்க்காத ஒரு கோழியின் மருந்துச் சீட்டில்கூட அவர் அதைக் குத்தியதில்லை. நாட்டுக்குத் தராசு எப்படியோ, பாவாத்தாளுக்கு அந்த முத்திரை அப்படி. அவருடைய மகள் மயிலாத்தாள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. போன ஆண்டு அவர்கள் தெருவில் மூன்று பெண்கள் பிள்ளை பெற்ற காய்ச்சலில் போய்விட்டார்கள். வெண்பொடி கொடுத்தும் போனார்கள். இனி வேலை செய்யக்கூடிய மருந்து அரண்மனையில் ஒரே ஒரு ஜாடி நீலப்பொடிதான். அதை இதுவரை எந்தக் கோழிக்கும் கொடுத்ததில்லை. மகளுக்கு வலி வரும்வரை அந்த ஜாடியை மூடியே வைத்திருக்க வேண்டும் என்பது பாவாத்தாளின் ஒரே வேண்டுதலாக இருந்தது.

மக்கள் முணுமுணுத்ததால் அரசு ஒரு சட்டம் போட்டது. கோழியைப் பருக்கவைக்க இனி மருந்து கொடுக்கக் கூடாது என்றது முதல் வரி. ஊரே பட்டாசு வெடித்தது. நோய் வராமல் தடுக்கக் கொடுக்கலாம் என்றது இரண்டாம் வரி. பட்டாசுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மறுநாள் காலை நாட்டிலுள்ள கோழிகளெல்லாம் அதே பொடியை, அதே அளவில், நோய்த்தடுப்புக்காகத் தின்றன.

அடுத்த வாரமே பெருமைத்துறை அமைச்சர் தணிகாசலனார் பாவாத்தாளை அழைத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுகிறவர் அவர்.

"வைத்தியர் அம்மையாரே, இந்த ஆண்டு எண் இருபதுக்குக் கீழே இறங்கியாக வேண்டும். ஆகவே நீலப்பொடியைக் கோழிகளுக்கு வழங்க அரசு திருவுளம் கொண்டிருக்கிறது."

"அது சனங்களுக்கு வெச்சிருக்கற மருந்துங்க."

"சனங்கள் கண்டபடி விழுங்கித்தான் வெண்பொடி வீரியம் இழந்தது என்று ஆய்வுக்குழு கண்டறிந்துள்ளது. ஆகவே நீலப்பொடி இனிக் கோழிகளுக்கு மட்டுமே. கோழியல்லாத எவருக்கும் ஒரு துளியும் கிடையாது. அதுவும் தங்கள் முத்திரை இருந்தால்தான். ஒழுங்குமுறை என்றால் இதுதான்."

நாற்பதாயிரம் சீட்டுகளை நான்கு பேர் சுமந்துவந்து வைத்தார்கள்.

"குத்தறனுங்க," என்றார் பாவாத்தாள். "ஆனா கோழியைப் பாக்காம குத்த மாட்டனுங்க. ஒண்ணொண்ணாக் கொண்டாரச் சொல்லுங்க."

ஒன்றொன்றாக வந்தன. பாவாத்தாள் அலகைத் திறந்து பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். பிறகு நிதானமாகச் சீட்டில் "நோயில்லை" என்று எழுதி, முத்திரை குத்தாமல் திருப்பிக் கொடுத்தார். நாளுக்கு நாற்பது கோழி. பதினைந்து நாளாகியும் ஜாடியின் மூடி திறக்கவில்லை. அமைச்சர் செருமிச் செருமித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டதுதான் மிச்சம். வீடு திரும்பும் வழியில் பாவாத்தாள் தலை நிமிர்ந்து நடந்தார். இதற்குப் பெருமைப்படாவிட்டால் வேறு எதற்குப் பெருமைப்படுவது?

வேலையை விரட்ட அரசரே கோழிக் கொட்டடிக்கு எழுந்தருளினார். ஒரு சேவல் அவருடைய முழங்காலில் கால்முள்ளால் ஒரு கீறு கீறியது. அதே நாளில் மயிலாத்தாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அரசரின் முழங்கால் பூசணிபோல் வீங்கியது. மயிலாத்தாளின் உடம்பும் நெருப்பாகக் கொதித்தது. பாவாத்தாள் அமைச்சரிடம் ஓடினார்.

"என்ற மகளுக்கு நாலு சிட்டிகை கொடுங்க சாமி. பச்சப்புள்ளைக்காரிங்க."

"மனம் நோகிறது அம்மையாரே. ஆனால் தங்கள் மகள் கோழியல்லவே. சட்டம் யாருக்கும் வளையாது."

பாவாத்தாள் திரும்பி நடந்தார். முப்பது வருடம் இந்த அரண்மனைக்கு உழைத்த கையை அப்போதே வெட்டிப் போடலாம்போல வெறுப்பாக இருந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் சேவகன் பின்னால் ஓடிவந்தான். அரசருக்கு நினைவு தப்பிவிட்டதாம். திரும்பிப் போனால், அமைச்சர் ஒரு புதிய ஆணையை எழுதி முடித்திருந்தார்: "மாட்சிமை தாங்கிய அரசர் இன்றுமுதல், மருந்து சம்பந்தப்பட்ட அளவில், ஒரு கோழியாவார்."

"முத்திரையைக் குத்துங்கள் அம்மையாரே," என்றார் அவர். இந்த முறை செருமவில்லை.

பாவாத்தாள் ஆணையை இரண்டு தரம் படித்தார். "இதுல ஒருத்தர் பேர்தானுங்க இருக்குது. ஒருத்தருக்குன்னா அது சலுகை. நாளைக்குச் சனங்க கேப்பாங்க. குடிகள் எல்லாரும்னு போடுங்க, அப்பத்தான் சட்டம்."

"அத்தனை பேரையுமா? நாட்டின் கௌரவம் என்னாவது?"

"நீங்க ரோசனை பண்ணுங்க. நான் காத்திருக்கறனுங்க."

உள்ளறையிலிருந்து அரசர் முனகுவது கேட்டது. அமைச்சர் எழுதினார்.

பாவாத்தாள் உள்ளே போய் அரசரின் முழங்காலைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு சீட்டுகளை எடுத்தார். முதல் சீட்டில் மகள் பெயர், இரண்டாவதில் அரசர் பெயர். இரண்டிலும் "நோயுண்டு" என்று எழுதி முத்திரை குத்தினார். இரண்டும் அவர் கண்ணால் பார்த்த உடம்புகள்தான். ஜாடியின் மூடி அன்றுதான் திறந்தது. ஐந்தாம் நாள் மயிலாத்தாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அரசரும் கேட்டார்.

எடைமங்கலத்தின் பெருமை அதன்பிறகு வானளாவ உயர்ந்தது. குடிகள் கோழிகளுக்கு நிகராக நடத்தப்படும் ஒரே நாடு தங்களுடையதுதான் என்று சுவர்களில் புதிதாக எழுதினார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பாவாத்தாள் வீட்டு வாசலில் விடிந்ததும் வரிசை நின்றது. அவர் ஒவ்வொருவரையும் நாடி பிடித்துப் பார்த்து, தேவையானவர்களுக்கு மட்டும் சீட்டுக் கொடுத்தார். கொழுகொழுவென்று இருந்த கோழிகளுக்கு ஒரு சீட்டும் கிடைக்கவில்லை.

எடை பார்க்கும் நாளில் மட்டும் சின்ன இடைஞ்சல் வந்தது. சட்டப்படி அரசர் கோழிகளின் தட்டில்தான் ஏற வேண்டும் என்று சட்டத்துறை கருத்துச் சொன்னது. ஏறினார். "எதிர்த் தட்டுல ஆர ஏத்தறதுங்க?" என்று தராசுக்காரர் கேட்டார். கோழியல்லாத ஒருவர் நாட்டில் இல்லை. காலித் தட்டு உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அமைச்சர் அந்த ஆண்டின் எண்ணை ஒன்று என்று அறிவித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே பாவாத்தாள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் ஆணைப்படி "கோழிக்குஞ்சு, பெண்" என்று எழுதிவிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடு நிமிர்ந்தார்.

"சட்டத்தை மாத்தப் போறதாப் பேசிக்கறாங்க. 'குடிமகள்'னு எழுதறதுக்கு எடம் விட்டு வெக்கட்டுங்களா?"

"வேண்டாமுங்க," என்றார் பாவாத்தாள். "இப்படியே இருக்கட்டும். நாளைக்கு ஒரு காய்ச்சல்னா மருந்து கெடைக்கும்."