பழைய சரக்கை எடுக்கச் சொன்னது நான்தான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது. இங்கே பம்பு உதிரிபாகக் கடையும் என் முழங்காலும் ஏதோ ஓடுகின்றன. அங்கே நீங்களும் என் மகளும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் "சரி மாமா" என்று முடித்துவிடுவீர்கள், அதனால் கடிதம்.

நான் சொன்னதால் உங்கள் இணையக் கிடங்கிலிருந்து அந்த மென்பொருளின் பழைய ஒன்பதாம் பதிப்பை எடுத்துவிட்டீர்கள். மறுநாள் மதியத்துக்குள் நாற்பத்தோரு பேர் திட்டி எழுதிவிட்டார்கள்.

போன மாதம் உங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தபோது பார்த்தேன். யார் யாரோ எழுதி இலவசமாக விட்ட தரவுத்தள மென்பொருளை, ஒவ்வொரு வகைக் கணினிக்கும் தோதாக நீங்கள் பொட்டலம் கட்டி, முத்திரை வைத்து, இணையக் கிடங்கில் அடுக்குகிறீர்கள்; உலகமே வந்து சும்மா எடுத்துக்கொண்டு போகிறது. "இந்தக் கடைசி வரிசை என்ன மாப்பிள்ளை?" என்றேன். "பழைய பதிப்பு மாமா. எழுதினவங்களே கைவிட்டாச்சு." "அப்புறம் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? தூக்கிப் போடுங்க" என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன், நீங்களும் தூக்கிவிட்டீர்கள், அப்புறம் ஏதோ நூலகத்தில் கணினி படுத்துவிட, மறுபடி நிறுவப் போனால் பொட்டலம் இல்லை, எங்கேயோ ஒரு பல் டாக்டர் பதிவேடு திறக்காமல், எந்தப் பல் என்று நோயாளியையே கேட்கிறார், எல்லாரும் உங்களைத்தான் ஏசுகிறார்கள், சல்லிக்காசு கொடுத்தவன் அதில் ஒருத்தன் இல்லை, நீங்க மூணு நாள் சரியா சாப்பிடாம எல்லாத்தையும் திருப்பி அடுக்கிட்டு, "இனிமே இந்த வேலையே வேணாம்"னு சொல்லிட்டீங்கன்னு மக சொன்னா.

நல்ல முடிவு. விட்டுத்தள்ளுங்கள். என் கடைக்கு வந்துவிடுங்கள். நன்றி கெட்டவர்கள் இங்கேயும் உண்டு, ஆனால் காசை வைத்துவிட்டுத் திட்டுவார்கள்.

அன்றன்றைய சண்டையை அன்றன்றைக்கே முடித்துக்கொண்டு ரெண்டு பேரும் நல்லா இருங்க.

மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது ஒருவர் வந்தார். பதினெட்டு வருஷத்துப் பம்பு. செய்த கம்பெனியையே மூடியாச்சு. "வாஷர் இருக்கா?" பின் அலமாரியில் கையை விட்டால் இருந்தது. அந்த அலமாரியை நான் ஒருநாளும் காலி பண்ணியதில்லை, ஏன் என்று யோசித்ததுமில்லை. ஆள் வாங்கிக்கொண்டு, "இவ்வளவு தூசியா?" என்று திட்டிவிட்டுப் போனார். மேலே 'விட்டுத்தள்ளுங்கள்' என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் இப்போதுதான் போனில் பேசினேன், அவள் வழியாக நீங்களும் சம்மதித்தது: கிடங்கை நீங்களே தொடர்ந்து நடத்துவது, எந்தப் பதிப்பை எடுப்பதானாலும் ஒரு வருஷம் முன்னால் முகப்பில் எழுதிப் போடுவது, ஞாயிற்றுக்கிழமை கணினியைத் தொடுவதில்லை, மாமா யோசனை சொல்வதில்லை.